திரும்பி வரும் ரசீதுகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். ஆள் உட்கார்ந்து தட்டி அனுப்பும் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, மென்பொருள் தானாக அனுப்பும் ரசீது, நினைவூட்டல், ஆர்டர் உறுதி இவையெல்லாம் ஸ்பேம் என்று திருப்பப்படுகின்றன. அதனால் வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பார்க்கிறேன் சார். கட்டணம் கட்டியதும் மென்பொருளே பெற்றோருக்கு ரசீதை மெயிலில் அனுப்பிவிடும். சில வருடங்கள் நன்றாகப் போனது. இப்போது ஜிமெயில் வைத்திருக்கும் யாருக்கும் போவதில்லை, 550 5.7.26 என்று ஏதோ எண்ணோடு திரும்பி வருகிறது. 'பணம்', 'உடனே செலுத்தவும்' போன்ற வார்த்தைகளால்தானோ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

பதில்: வார்த்தைகளை விட்டுவிடுங்கள், அவற்றின் மேல் குற்றமே இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு, 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, கொஞ்சம் கழித்து வா' என்று பொருள். 5.7.26 என்றால் இந்த மெயிலை அனுப்பியது உங்கள் பள்ளிதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஜிமெயில் சொல்கிறது. திரும்பி வந்த மெயிலைக் கடைசி வரை படியுங்கள், டிகிம் தேறவில்லை, எஸ்பிஎஃப் தேறவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். ரசீதுக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சே அங்கே வரவில்லை, வாசலோடு முடிந்துவிட்டது.

மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையன் வந்து 'அந்த வீட்டில் அனுப்பினார்கள், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்' என்றால் கடைக்காரர் எதை நம்பிக் கொடுப்பார்? 1982-இல் மெயில் அனுப்பும் முறையை வகுத்தபோது இந்தச் சந்தேகமே யாருக்கும் வரவில்லை, யார் பெயரைப் போட்டும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பின்னால் சேர்த்த ஏற்பாடுகள்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்றும். எஸ்பிஎஃப் என்பது வீட்டுக்காரர் கடையில் கொடுத்து வைக்கும் பட்டியல், இன்னின்னார் வந்தால் மட்டும் என் கணக்கில் கொடுங்கள் என்று. டிகிம் என்பது சீட்டில் போடும் கையெழுத்து, யார் கொண்டு வந்தாலும் கையெழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம், நடுவில் யாராவது சீட்டைத் திருத்தினால் தெரிந்துவிடும். டிமார்க் என்பது இவை இரண்டுமே ஒத்துவராத ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவைப்பது.

உங்கள் பள்ளி டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பட்டியலில் அலுவலக மெயில் போகும் சர்வர் இருக்கும், கட்டண மென்பொருளின் சர்வர் இருக்காது. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதுதான் கதை. முன்பு போனதே என்று கேட்டால், முன்பு அவ்வளவு கண்டிப்பு இல்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது தேற வேண்டும், மொத்தமாக அனுப்புகிறவர்கள் (கூகுளின் கணக்கில் ஒரு நாளில் 5000 மெயில் அளவுக்கு) மூன்றையுமே வைத்திருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டன. அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்கள் மேல் மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதம் இதே கண்டிப்பைக் கொண்டுவந்தது.

செய்ய வேண்டியது இது. மென்பொருள்காரருக்கு போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்கள் மெயில் எந்த சர்வரிலிருந்து போகிறது, எங்கள் டொமைன் பெயரில் டிகிம் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? பதில் கிடைத்ததும் அவர்கள் தரும் வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது டொமைன் விவரங்களை வெளியே சொல்லும் பதிவேட்டில், சேர்க்க வேண்டும். இங்கே நிறைய பேர் தவறுவது ஒன்று உண்டு, ஏற்கனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருக்கும்போது பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இருக்கும் வரிக்குள்ளேயே புதியதைச் சேருங்கள். அந்த வரியைப் படிக்க 10 தடவைக்கு மேல் வேறு இடங்களில் விசாரிக்க வேண்டி வந்தாலும் செல்லாது, அதனால் நிறுத்திவிட்ட பழைய சேவைகளின் பெயர்களை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம், இதில் விவரம் தெரிந்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் மேல் உள்ள, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும், அனுப்புநர் முகவரியை. பெற்றோர் கண்ணில் படும் ஃப்ரம் முகவரியை அது பார்ப்பதில்லை. மென்பொருள்காரர் உறையில் தன் டொமைனைப் போட்டு அனுப்பினால் எஸ்பிஎஃப் தேறிவிடும், ஆனால் உள்ளே இருக்கும் பள்ளிப் பெயரோடு பொருந்தாததால் டிமார்க் தேறாது. அதனால்தான் டிகிம் கையெழுத்து உங்கள் டொமைன் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் செய்தபின் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு ரசீது அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறங்கள். மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது. டிமார்க்கை எடுத்த எடுப்பில் கடுமையாக வைக்காதீர்கள். முதலில் 'ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு' என்று வைத்துச் சில வாரம் அறிக்கைகளைப் பாருங்கள், உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் ஒன்று, சேர்க்கை விளம்பரத்தையும் ரசீதையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். விளம்பரம் பிடிக்காமல் பெற்றோர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் அது ரசீதையும் சேர்த்துத்தான் பாதிக்கும், ஆயிரத்துக்கு 3 பேர் அழுத்துவதே கூகுளின் எல்லைக்கோடு.

கேள்வி: கோவையில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன் அண்ணா. 'தொடர்புக்கு' படிவத்தில் வாடிக்கையாளர் எழுதினால் கடைக்காரருக்கு மெயில் போக வேண்டும். சிலர் எழுதினால் போகிறது, யாஹூ முகவரி கொடுக்கிறவர்கள் எழுதினால் போவதே இல்லை.

பதில்: தம்பி, படிவத்தில் வந்த முகவரியை அப்படியே ஃப்ரம் இடத்தில் போட்டு அனுப்புகிறீர்கள், இல்லையா? கடைக்காரர் 'ரிப்ளை' அழுத்தினால் நேராக வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் உங்கள் சர்வர் யாஹூ பெயரில் மெயில் அனுப்புகிறது என்றுதான் எதிர்ப்பக்கம் பார்க்கும். என் பெயரில் வேறு யார் அனுப்பினாலும் மறுத்துவிடு என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க்கில் சொல்லிவிட்டது. அன்றைக்கே உலகம் முழுக்க இப்படி எழுதிய படிவங்கள் நின்றுபோயின, இன்னமும் அதே நிரலைப் பிரதி எடுத்துப் போடுகிறார்கள். ஃப்ரம் முகவரி எப்போதும் கடையின் சொந்த டொமைனாகவே இருக்கட்டும். வாடிக்கையாளர் முகவரியை ரிப்ளை-டு என்ற வரியில் போடுங்கள், பெயரை வேண்டுமானால் தலைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. இதுவரை செய்து கொடுத்த எல்லாக் கடைகளிலும் மாற்றிவிடுங்கள், போகாத மெயில் ஒவ்வொன்றும் அவர்களுக்கு வராமல் போன வியாபாரம்.

கேள்வி: தஞ்சாவூரில் சிறிய புத்தகப் பதிப்பகம் நடத்துகிறேன். ஆர்டர் உறுதி மெயிலை ஆங்கிலத்தில் அனுப்பினால் சேர்கிறது, அதையே தமிழில் அனுப்பினால் சில அலுவலக முகவரிகள் ஸ்பேம் என்று மறுக்கின்றன, போனாலும் நடுவில் ஓரிரு எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தமிழில் எழுதுவதே தப்பா? பிஹெச்பியில் இருக்கும் சாதாரண மெயில் ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுகிறேன். தமிழில் எழுதுவது தப்பே இல்லை, ஆங்கிலத்துக்கு மாறிவிடவும் வேண்டாம். கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டுமே தமிழ் எழுத்தை மெயில் எப்படிச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தவை.

முதலாவது தலைப்பு. மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் என்று பழைய நாளில் வகுத்தவை. தமிழ்த் தலைப்பை, 'இது யூடிஎஃப்-8' (எல்லா மொழி எழுத்தையும் கணினியில் குறிக்கும் முறை) என்ற அறிவிப்போடு பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்பினால் எதிர்ப்பக்கம் அதை மறுபடி தமிழாக்கிக் காட்டும். உங்கள் நிரல் தமிழை அப்படியே பச்சையாகத் தலைப்பில் வைத்து அனுப்புகிறது. ஸ்பேம்அசாசின் என்ற பரவலான வடிகட்டியில் தலைப்பில் இப்படிப் பச்சையான எழுத்து இருந்தால் மதிப்பெண் ஏற்றும் விதியே ஒன்று உண்டு. அதில் பொதுவாக 5 மதிப்பெண் சேர்ந்தால் ஸ்பேம். இதில் கொஞ்சம், சாதாரண எழுத்து வடிவம் இல்லாமல் எச்டிஎம்எல் (வண்ணமும் வடிவமைப்பும் உள்ள வடிவம்) மட்டும் இருப்பதற்குக் கொஞ்சம் என்று சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். அனுப்புநர் பெயரைத் தமிழில் வைத்தாலும் இதே கதைதான், அதையும் மாற்றி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது கோளாறு உள்ளே இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். மெயிலில் ஒரு வரி 998 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து 1 பைட், அதனால் நீளமான பத்தியே அதற்குள் அடங்கிவிடும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'ரசீது' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, ஆனால் சுழியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 15 பைட். நீங்கள் மூச்சுவிடாமல் எழுதும் ஒரு பத்தி, நாற்பது ஐம்பது சொல்லைத் தாண்டினாலே எல்லையை மீறிவிடுகிறது, ஏனென்றால் எச்டிஎம்எல் வார்ப்புருவில் ஒரு பத்தி முழுதும் ஒரே வரியாகத்தான் கிடக்கும். சில சர்வர்கள் அப்படிப்பட்ட மெயிலை உடனே மறுத்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மெயில் சர்வர் மென்பொருள்கள் 998 வந்ததும் வரியை வெட்டி அடுத்த வரியில் போடும், வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் நீங்கள் பார்த்த அந்தக் கட்டம். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. டிகிம் கையெழுத்துப் போட்ட பிறகு வரியை வெட்டினால், சீட்டை யாரோ திருத்திவிட்டார்கள் என்று ஆகி, கையெழுத்தே செல்லாமல் போகிறது. சின்ன மெயில் தேறும், பெரிய மெயில் தேறாது, காரணம் புரியாமல் ஹோஸ்டிங்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தீர்வு எளிது. சாதாரண மெயில் ஃபங்ஷனை விட்டுவிட்டு பிஹெச்பிமெயிலர் என்ற இலவச நூலகத்துக்கு மாறச் சொல்லுங்கள். அதில் எழுத்துத் தொகுப்பை யூடிஎஃப்-8 என்றும் என்கோடிங்கை பேஸ்64 என்றும் கையால் அமைக்க வேண்டும், தானாக அப்படி இருக்காது. அமைத்தால் தலைப்பும் பெயரும் சரியாகும், உள்ளடக்கமும் 76 எழுத்துள்ள சிறு வரிகளாகப் பிரிந்து போகும். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், பரவாயில்லை. எச்டிஎம்எல் கூடவே அதே செய்தியைச் சாதாரண எழுத்திலும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஜிமெயில் முகவரிகளுக்கே அனுப்புகிறோம், எஸ்பிஎஃப் எல்லாம் இருக்கிறது. காலையில் திரும்பி வந்த அதே மெயில் மதியம் அனுப்பினால் போய்விடுகிறது. இது என்ன கணக்கு?

பதில்: இதே அவஸ்தையை நான் பட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டண நினைவூட்டல் ஒரு சின்ன வாடகை சர்வரிலிருந்து போகும், அதை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ஒரு முறை சர்வரை மாற்றினோம். அந்த மாதம் பாதி வீடுகளுக்குப் போனது, பாதிக்குப் போகவில்லை. மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நினைவூட்டல் வராமல் தேதியை விட்டுவிட்டுத் தாமதக் கட்டணம் கட்டினார், அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. இரண்டு இரவு லாகை, அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளை, பார்த்த பிறகுதான் புரிந்தது, புதிய சர்வருக்குப் பழைய வகை ஐபி முகவரியோடு (சர்வரின் எண் முகவரி, ஐபிவி4) ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் கொடுத்திருந்தார்கள், சர்வர் ஒரு முறை இந்த வழியாகவும் ஒரு முறை அந்த வழியாகவும் அனுப்பிக்கொண்டிருந்தது. எஸ்பிஎஃப் பட்டியலில் இருந்ததோ பழைய வகை முகவரி மட்டும். ஐபிவி6 முகவரிக்கு பிடிஆர், அதாவது அந்த எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவும் இல்லை.

உங்கள் லாகிலும் திரும்பி வந்தவற்றுக்கு நேரே நீளமான, முக்காற்புள்ளிகள் நிறைந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஐபிவி6 முகவரியைப் பட்டியலில் சேர்த்து பிடிஆரும் வாங்குங்கள். இல்லை, அவசரம் என்றால் ஐபிவி4-இல் மட்டும் அனுப்பும்படி சர்வரை அமைத்துவிடுங்கள், நான் அதைத்தான் செய்தேன். பிடிஆரை உங்கள் டொமைன் பக்கத்தில் வைக்க முடியாது, ஐபி யாருடையதோ அந்த ஹோஸ்டிங் நிறுவனம்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையில் புத்தகம் திருப்பும் நாளை நினைவூட்ட நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒரு நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் 450 என்று வருகிறது.

பதில்: அது மறுப்பு இல்லை, 'பிறகு வா'. முன்பின் தெரியாத சர்வர் வந்தால் முதல் தடவை தற்காலிகமாகத் திருப்பிவிட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ளும் முறை இது, ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை என்ற கணக்கு. உங்கள் நிரலும் மறுபடி போவதில்லை, அதுதான் சிக்கல். நேராக எதிர் சர்வரோடு பேசாமல் உள்ளூர் மெயில் சர்வரிடம் கொடுத்துவிடுங்கள், வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்புவது அதன் வேலை. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை முயன்று பார்க்கும்.

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு. எங்களுடையது தலைகீழ்ப் பிரச்சினை. நேற்று முதல் எங்கள் சர்வரே பையர்களிடமிருந்து தானாக வரும் ஆர்டர் மெயில், வங்கி மெயில், ஜிமெயில் எல்லாவற்றையும் ஸ்பேம்ஹவுஸ் தடைப்பட்டியலில் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் எப்படிப் பட்டியலுக்குப் போவார்கள்?

பதில்: போகவில்லை. முதலில் அந்தத் தடைப்பட்டியல் வரியை உடனே நிறுத்துங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நிறுத்தியாயிற்றா? சரி. ஸ்பேம்ஹவுஸ் போன்றவர்கள் ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைத் தொகுத்து வைத்திருக்கும் தடைப்பட்டியலை டிஎன்எஸ் வழியாகத்தான் விசாரிக்கிறோம். ஓர் ஐபி பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற பதில் வரும், இல்லையென்றால் பதிலே வராது. உங்கள் சர்வரின் டிஎன்எஸ்ஸை யாரோ 8.8.8.8 போன்ற பொது முகவரிக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட பொது வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். 'இந்த வழியாகக் கேட்காதே' என்று உங்களுக்குச் சொல்லும் பிழைச் செய்தி அது. ஏதோ ஒரு பதில் வந்தாலே பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், அதையும் தடை என்று படித்து வந்தவர்களையெல்லாம் விரட்டுகிறது. மறுப்பு வாசகத்தில் 'ஓபன் ரிசால்வர்' என்ற சொற்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் மென்பொருள்) அதே சர்வரில் நிறுவுங்கள், 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் தடையாக எடுத்துக்கொள்ளும்படி அமைப்பையும் திருத்துங்கள். வேறு பழைய பட்டியல்கள் சேர்த்திருந்தால் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அப்படியும் ஆட்கள் கேட்பதை நிறுத்தவில்லை என்பதால் 2008 மார்ச்சில் எந்த ஐபியைக் கேட்டாலும் 'ஆம், பட்டியலில் உண்டு' என்று பதில் தர ஆரம்பித்தார்கள், அதை எடுக்காமல் விட்டிருந்த சர்வர்கள் வந்த மெயிலையெல்லாம் திருப்பின. சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024-இல் மூடப்பட்டது. வடிகட்டியின் விதிகளும் இப்படித்தான் பழையதாகும், ஸ்பேம்அசாசினில் 2010-ஐ வெகுதூர எதிர்காலம் என்று நினைத்து எழுதிய ஒரு விதி, 2010 ஜனவரி 1 அன்று நல்ல மெயில்களுக்கெல்லாம் ஸ்பேம் மதிப்பெண் போட்டது. ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகிற பொருள் இல்லை இது.

முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நேற்று முதல் மறுத்தவை தானாகத் திரும்பி வராது. அனுப்பியது மென்பொருள் என்பதால், மறுப்புக் கடிதமும் அங்கே யாரும் திறக்காத பெட்டியில் விழுந்திருக்கும், உங்களுக்கு ஆர்டர் கிடைத்துவிட்டது என்றே பையர் நினைத்துக்கொண்டிருப்பார். லாகில் மறுக்கப்பட்ட முகவரிகளைத் தேடி எடுத்து, இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் செய்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் எல்லாம் சரி, ஷோ ஒரிஜினலில் மூன்றும் பாஸ். ஒரே ஒரு அலுவலகம் மட்டும் மறுக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? - சேலம் வாசகர்

பதில்: மெயில் வாங்கும் எந்த டொமைனும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயருக்கு வரும் மெயிலை ஏற்க வேண்டும் என்பது விதி. உங்கள் சர்வரே தடுக்கப்பட்டிருப்பதால் வேறொரு முகவரியிலிருந்து எழுதுங்கள், பதில் இல்லையென்றால் பெற வேண்டியவருக்கு போன் செய்து அவர்கள் கம்ப்யூட்டர் பிரிவிடம் கொடுக்கச் சொல்லுங்கள், உள்ளேயிருந்து போகும் புகாருக்கு மதிப்பு அதிகம். 'மெயில் வரவில்லை' என்று மொட்டையாக எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, உங்கள் சர்வரின் ஐபி, மறுப்பு வாசகம் ஒரு எழுத்து விடாமல், அனுப்பிய நேரம், இவ்வளவும் வேண்டும். நேரத்தை எழுதும்போது இந்திய நேரமா உலகப் பொது நேரமா என்று குறிப்பிடுங்கள், ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடினால் அவர்கள் லாகில் உங்கள் மெயில் கிடைக்காது.